இளைஞர்கள் ஏன் நம் ஆலயத்தில் நிலைப்பதில்லை? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

"இளைஞர்கள் வருவதில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் எட்டு ஒன்பது பிரச்சினைகள் இருக்கின்றன. ஒருமுறை வந்துவிட்டு மறுவாரம் வராதவர் வேறு. சின்ன வயதிலிருந்து வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றவர் வேறு. வாராவாரம் வந்து உட்கார்ந்தும் மனசு ஒட்டாமல் இருப்பவர் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாகப் புது கிட்டாரும் பெரிய திரையும் வாங்குகிறோம். பணம் செலவாகிறது, பிள்ளைகள் வருவதில்லை.

கிறிஸ்தவ சபையில் வாலிபர் ஐக்கிய (இளைஞர் குழு) வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இளைஞர்கள் விலகுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். அங்கே அவர்களை யாருக்கும் தெரியாது. அல்லது, அவர்கள் வராவிட்டாலும் அங்கே எதுவும் குறையாது. கீழே வரும் எந்த அறிகுறியைத் தோண்டினாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் நிற்கும்.

தொடங்கும் முன்: ஒரு தாளும் பேனாவும்

கடந்த மூன்று மாதத்தில் ஆலயத்துக்கு வந்த, ஏறக்குறைய 16 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்களின் பெயர்களை எழுதுங்கள். எண்ணிக்கை வேண்டாம், பெயர்தான் வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்களைத் தெரிந்த பெரியவர்கள் யார் என்று எழுதுங்கள். அப்பா அம்மாவையும் போதகரையும் சேர்க்கக் கூடாது.

"நிறையப் பேர் வருகிறார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த கமிட்டி, இந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஐந்தாறு பெயருக்கு மேல் நகராமல் நிற்பது சாதாரணம். அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம், எங்கே ஆரம்பிப்பது என்று இப்போது தெரிந்துவிட்டது. பட்டியலைச் சபைக் குடும்பங்களின் பிள்ளைகள், படிக்க வந்த வெளியூர் மாணவர்கள் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கு வேண்டியது ஒன்றல்ல. ஒருவருக்கு இங்கே எல்லாரையும் தெரியும், அலுத்துப்போயிருக்கிறது. மற்றவருக்கு யாரையுமே தெரியாது.

அறிகுறி 1: ஒருமுறை வருகிறார்கள், மறுபடி காணோம்

அந்த ஒரு மணி நேரத்தை வந்தவரின் இடத்திலிருந்து பாருங்கள். ஒரு மாணவி தனியாக வருகிறாள். வாசலில் நிற்பவர் கைகூப்பிவிட்டு, பின்னால் வரும் தெரிந்த குடும்பத்தோடு பேசத் திரும்பிவிடுகிறார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் கடைசி வரிசை ஓரத்தில் உட்காருகிறாள். பாட்டின் எண்ணைச் சொல்கிறார்கள், அவள் கையில் புத்தகம் இல்லை. எல்லாரும் எழுந்த பிறகு எழுகிறாள், எல்லாரும் உட்கார்ந்த பிறகு உட்காருகிறாள். ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்குத் தங்கள் வட்டத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். அவள் மொபைலை எடுத்து எதையோ பார்ப்பதுபோல இரண்டு நிமிடம் நிற்கிறாள். அப்புறம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறாள். யாரும் அவளிடம் தவறாக நடக்கவில்லை. ஆனால் மறுவாரம் வர ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. புதிதாக வந்தவரை எழுந்து நிற்கச் சொல்லி, பேர், ஊர், படிப்பு எல்லாவற்றையும் மைக்கில் சொல்லவைப்பது. முதல் நாளே நம்பரை வாங்கி மூன்று வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது. குடும்பம், வேலை, எந்தச் சபை என்று விசாரணைபோல அடுக்குவது. இதெல்லாம் அன்பில் செய்வதுதான். ஆனால் கூச்சமுள்ள பதினெட்டு வயதுப் பிள்ளை இன்னொரு முறை இதற்குத் துணிய மாட்டாள்.

சரிசெய்ய, வாசலில் பெரியவர்களோடு அதே வயதுள்ள ஒருவரையும் நிறுத்துங்கள். அவருடைய வேலை வரவேற்பது மட்டும் இல்லை, பக்கத்தில் உட்காருவதும்தான். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டுவதும், "இப்போ எல்லாரும் முன்னால போவாங்க, நீங்க விரும்பினா வரலாம், இல்லைன்னா இங்கேயே இருக்கலாம்" என்று மெதுவாகச் சொல்வதும் சிறிய உதவிகள்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தின் பயத்தை அவை எடுத்துவிடும். ஆராதனை முடிந்த முதல் ஐந்து நிமிடம் புதியவர்களுக்கு மட்டும் என்று ஒரு நாலைந்து பேர் தங்களுக்குள் முடிவு செய்துகொள்ளட்டும். கமிட்டிக் கணக்கு, பாடகர் குழுப் பயிற்சி எல்லாம் ஆறாவது நிமிடத்தில் பேசலாம்.

எல்லாவற்றையும்விடப் பலிப்பது, இரண்டாவது வாரம் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ஞாபகம் இருக்காது என்றால் வீட்டுக்குப் போனதும் எழுதி வையுங்கள். நிலைமை சரியாகிவிட்டதா என்று சோதிக்க, வேறு சபையிலிருந்து தெரிந்த ஒரு மாணவரைச் சொல்லாமல் கொள்ளாமல் வரச் சொல்லுங்கள். முடிந்ததும் யார் யார் அவரிடம் பேசினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.

அறிகுறி 2: வருகிறார்கள், ஆனால் பிரசங்கத்தில் தூக்கம் அல்லது மொபைல்

மொபைல் என்றதும் கோபப்பட வேண்டாம். பாதிப் பேர் வேதாகமத்தையே அதில்தான் வாசிக்கிறார்கள். தூக்கமும் புதிதல்ல. துரோவா பட்டணத்தில் அப்போஸ்தலர் பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டே போனபோது, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்துவிட்டான் என்று வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த மேல்வீட்டில் விளக்குகள் நிறைய எரிந்தன என்பதையும் எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் அவனைத் திட்டியதாக இல்லை. பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார்.

சோதனை எளிது. கடைசி எட்டுப் பிரசங்கங்களில் வந்த உதாரணங்களை எழுதிப் பாருங்கள். யாருடைய வாழ்க்கை அவற்றில் வந்திருக்கிறது? திருமணம், பிள்ளை வளர்ப்பு, வியாபாரம், நோய், முதுமை: பெரும்பாலும் இவைதான் இருக்கும். தேர்வில் தோற்றது, வேலைக்கு விண்ணப்பித்துப் பதில் வராதது, நண்பன் விலகிப்போனது, அறையில் தனியாக இருப்பது, படிப்புக் கடன், மற்றவர்களோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்துச் சோர்வது ஆகியவற்றில் ஒன்றாவது வந்ததா? இளைஞர்கள் பெயர் வந்த இடம் எச்சரிக்கைக்கு மட்டும்தானா?

இதற்காகப் போதகர் இளைஞர் பேச்சு வழக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, அது எடுபடவும் எடுபடாது. மாதம் ஒருமுறை மூன்று நான்கு மாணவர்களோடு உட்கார்ந்து, அடுத்த வாரம் பேசப்போகும் வேதபகுதியை வாசித்து, "இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால் போதும். பிரசங்கத்தின் முகம் தானாக மாறும். முதியவர்களுக்கும் அந்தப் பிரசங்கம் பிடிக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 3: சபைப் பிள்ளைகள் பள்ளிப்படிப்பு முடிந்ததும் நின்றுவிடுகிறார்கள்

ஞாயிறு பள்ளி முடிகிறது, திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கு) ஆகிறது, சான்றிதழ் கிடைக்கிறது. பிள்ளையின் கணக்கில் படிப்பு முடிந்தது. அடுத்து என்ன என்று யாரும் சொல்லவில்லை. பெரியவர்கள் கூட்டத்தில் அவனுக்கு இடம் இல்லை, சிறுவர்கள் கூட்டத்துக்கு வயதாகிவிட்டது.

இது பழைய சிக்கல். 1881இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் பிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் இதே கவலையில் இருந்தார். விசுவாசத்துக்குள் வந்த இளம் பிள்ளைகளை எப்படி நிலைக்கவைப்பது? பிப்ரவரி 2ஆம் தேதி அவர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து ஒரு சங்கத்தைத் தொடங்கினார். கிறிஸ்தவ முயற்சிச் சங்கம் என்று உலகெங்கும் பரவியது அதுதான். அதில் கவனிக்க வேண்டியது இது: உறுப்பினர் ஒவ்வொருவரும் வாராந்தரக் கூட்டத்துக்கு வருவதோடு, அதில் ஏதாவது ஒரு பங்கும் எடுப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். குழுக்களை நடத்தியதும் அவர்களே.

ஆகவே பதினைந்து வயதிலேயே பெரியவர்கள் செய்யும் ஏதாவது ஒரு ஊழியத்தில், ஒரு பெரியவருக்குப் பக்கத்தில், பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். வேதபாடம் வாசிப்பது, காணிக்கை எண்ணுவதில் உதவுவது, நோயாளிகளைச் சந்திக்கப் போவது, ஒலி அமைப்பு என்று அவன் விருப்பத்துக்கு ஏற்றது எதுவும் இருக்கலாம். பள்ளி முடியும்போது முடிந்துபோகாத ஒரு வேலை அவன் கையில் இருக்க வேண்டும்.

அறிகுறி 4: வேலைக்கு வருகிறார்கள், பிறகு களைத்துப்போய் விலகுகிறார்கள்

மேலே சொன்னதைத் தவறாகச் செய்தால் இங்கே வந்து நிற்கும். நாற்காலி அடுக்க, அலங்காரம் செய்ய, புரொஜக்டர் ஓட்ட, லைவ் போட, விழாவில் நடனம் ஆட என்றால் உடனே இளைஞர்களைக் கூப்பிடுகிறோம். எதை எப்போது எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் அறையில் ஒருவர்கூட இல்லை. பத்து நிமிடம் முன்னால் நிகழ்ச்சி நிரலை மாற்றிவிட்டு, "தம்பி, ஸ்லைடை மாத்திடுப்பா" என்கிறோம். இப்படி ஒரு வருடம் போனால் யாருக்கும் வெறுத்துவிடும்.

அதைச் சரிசெய்ய இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, கமிட்டியில் இடம், அதுவும் வாக்குரிமையோடு. ஒரே ஒருவர் போதாது. தலைநரைத்தவர்கள் நடுவில் தனியாக இருப்பவர் வாய் திறக்க மாட்டார். இரண்டு பேராவது வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 2018 அக்டோபரில் இளைஞர்களைப் பற்றிய உலக ஆயர் மாமன்றத்தை நடத்தியபோது, அதற்கு முன் மார்ச் மாதமே சுமார் 300 இளைஞர்களை ரோமுக்கு அழைத்துப் பேசவைத்துக் கேட்டது. ஆனால் மாமன்றத்தில் பங்கேற்ற இளைஞர்களுக்கு வாக்கு இல்லை. 2023 மாமன்றத்தில்தான் ஆயர் அல்லாத பலருக்கு, இளைஞர்கள் சிலர் உட்பட, வாக்குரிமை கிடைத்தது. அவ்வளவு பெரிய அமைப்பே ஐந்து வருடத்தில் அந்தப் படியைத் தாண்டியிருக்கும்போது, நூறு குடும்பம் உள்ள சபை அடுத்த பொதுக்கூட்டத்திலேயே தாண்டலாம்.

இரண்டு, செலவு செய்யும் உரிமையுள்ள ஒரு சிறு தொகை. கணக்குக் கேளுங்கள், அது நல்ல பழக்கம். ஆனால் ஒவ்வொரு செலவுக்கும் முன் அனுமதி கேட்கவைக்காதீர்கள். ஏதாவது ஒரு நிகழ்ச்சி சொதப்பும். அப்போது அதைப் பிடுங்கிக்கொள்ளாமல் அடுத்ததையும் அவர்களிடமே கொடுக்கும் சபையில்தான் அவர்கள் வேர்விடுவார்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் முடிவுத் தேதியும் வையுங்கள். "இந்த வருடம் முடியும் வரை" என்றால் துணிந்து ஏற்பார்கள். முடிவே இல்லாத பொறுப்பைப் பார்த்தால் ஓடுவார்கள், நாமும் அப்படித்தானே.

அறிகுறி 5: மாணவர்கள் சில மாதம் வருகிறார்கள், சில மாதம் இல்லை

இதில் பாதி பிழையே அல்ல. தேர்வும் விடுமுறையும் வந்தால் மாணவர் கூட்டம் கரையும். உங்கள் நாட்காட்டியைக் கல்லூரி நாட்காட்டியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாலிபர் முகாம் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் இருந்தால் அது உங்கள் பிழை. மாலைக் கூட்டம் விடுதி வாசல் மூடும் நேரத்தைத் தாண்டினால், எவ்வளவு நல்ல கூட்டமானாலும் வர முடியாது. திரும்பிப்போக வண்டி யார் கொண்டுவருவார் என்பது ஆவிக்குரிய விஷயம்போலத் தோன்றாது. ஆனால் பலருக்கு அதுதான் தீர்மானிக்கிற விஷயம்.

வெளியூர் மாணவருக்கு நிகழ்ச்சியைவிட வீடு முக்கியம். 1844 ஜூன் 6ஆம் தேதி லண்டனில் ஒய்.எம்.சி.ஏ. (வாலிபர் கிறிஸ்தவ சங்கம்) தொடங்கியதும் இப்படித்தான். கிராமத்திலிருந்து வந்து துணிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ், தன்னைப்போல நகரத்தில் தனித்துக் கிடந்த வேலைக்காரப் பையன்களைச் சேர்த்து ஜெபமும் வேத வாசிப்புமாக ஆரம்பித்தார். அவருக்கு அப்போது 22 வயது. அந்தத் தேவை இன்றைய விடுதி அறைகளிலும் இருக்கிறது. ஒரு குடும்பம் இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளட்டும். மாதம் ஒருமுறை ஒரு வேளைச் சாப்பாடு, காய்ச்சல் வந்தால் கூப்பிட ஒரு நம்பர், தேர்வு நாளில் ஒரு செய்தி போதும். இருவராக அழைத்தால் கூச்சம் குறையும். உபதேசம் செய்ய வேண்டாம், வீட்டு வேலையில் அவர்களும் கை கொடுக்கட்டும்.

கல்லூரிக்குள் ஏற்கெனவே மாணவர் ஐக்கியம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1895இல் தொடங்கிய உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் போன்ற பெரிய அமைப்புகளோடு இணைந்தவையும் உண்டு, தனியாக நடப்பவையும் உண்டு. அவர்கள் கூடும் அதே மாலையில் உங்கள் கூட்டத்தை வைக்காதீர்கள். இடம் வேண்டுமா என்று கேளுங்கள். படிப்பு முடிந்து போகிறவர்களை முன்னால் அழைத்து ஜெபித்து அனுப்புங்கள். போகிற ஊரில் தெரிந்த சபை இருந்தால் அங்கே ஒருவரிடம் சொல்லிவையுங்கள். அவர்கள் போய்விட்டதால் உங்கள் உழைப்பு வீணாகவில்லை.

அறிகுறி 6: கேள்வி கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு வரவில்லை

படைப்பும் அறிவியலும், நல்லவர்களுக்கு வரும் துன்பம், மற்ற மதத்து நண்பர்கள், பதில் வராத ஜெபம், சபைக்குள் நடக்கும் அநியாயம்: கேள்விகள் இவைதான். அதற்கு "விசுவாசம் குறையுது தம்பி, ஜெபம் பண்ணு" என்று பதில் வந்தால் அந்தக் கேள்வி போய்விடாது. இன்னொரு இடத்தில் கேட்கப்படும், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் தேவாலயத்தில் யூத வேத போதகர்கள் நடுவே உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் வினவிக்கொண்டும் இருந்ததாக லூக்கா தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார். அந்தப் போதகர்கள் அவரைத் துரத்தவில்லை என்பதையும் நாம் பார்க்க வேண்டும்.

மாதம் ஒரு நாள் கேள்விக்கு என்று ஒதுக்குங்கள். பெயர் எழுதாத சீட்டுகளை ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். வந்த எந்தச் சீட்டையும் ஒதுக்காதீர்கள். பதில் தெரியாவிட்டால் "எனக்குத் தெரியவில்லை, தேடிப் பார்த்து அடுத்த முறை சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி அடுத்த முறை அந்தப் பேச்சை நீங்களே எடுங்கள். சபைப் பெரியவர் ஒருவர் தன் சந்தேகக் காலத்தைப் பற்றி நேர்மையாகப் பேசினால், பத்து விளக்கவுரைகளுக்கு அது சமம்.

அறிகுறி 7: பாட்டைப் பற்றி ஓயாத சண்டை

சுருக்கமாகச் சொல்கிறேன். இசையை மாற்றினால் இளைஞர்கள் வந்துவிடுவார்கள் என்பதற்கு உறுதி கிடையாது. பிரான்சில் 1940இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய தெய்சே துறவுக் குழுவுக்கு உலகெங்கிலிருந்தும் ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் போகிறார்கள். அங்கே நடப்பது திரும்பத் திரும்பப் பாடும் சின்னச் சின்னப் பாடல்களும் நீண்ட மௌனமும்தான். கீர்த்தனையா புதுப் பாடலா என்று வாதாடுவதை நிறுத்திவிட்டு, பாடகர் குழுவில் எல்லா வயதினரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். கீர்த்தனைக்கு ஒரு இளைஞன் இசைக்கருவி வாசித்தால் இரண்டு பக்கமும் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

அறிகுறி 8: தலைவர் மாறிப்போனதும் எல்லாரும் கலைந்தார்கள்

துடிப்பான ஒருவர் வாலிபர்களை நடத்தினார், போய்விட்டார், கூட்டமும் போய்விட்டது. அவர்கள் சேர்ந்திருந்தது ஒரு மனிதரோடு, சபையோடு அல்ல. முதலில் எழுதிய தாளை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று பெரியவர்களாவது வரும்வரை புதுத் தலைவரைத் தேடுவதைவிட இதற்கே நேரம் கொடுங்கள்.

அறிகுறி 9: ஒரே ஒரு பேச்சு, அதோடு நின்றுவிட்டாள்

உடையைப் பற்றி, தலைமுடியைப் பற்றி, யாரோடு நின்று பேசினாள் என்பதைப் பற்றி வாசலில் யாரோ ஒருவர் சொன்ன வார்த்தை. சொன்னவருக்கு ஞாபகம்கூட இருக்காது. இதைப் பொதுவாக மேடையில் சொல்லிப் பயன் இல்லை. போதகர் அந்தப் பெரியவரைத் தனியாகச் சந்தித்து, மரியாதை குறையாமல், ஆனால் தெளிவாகப் பேச வேண்டும். அந்தப் பெண்ணிடமும் யாராவது நேரில் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டும். திரும்ப வரச்சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

இதற்கு மட்டும் காத்திருக்கக் கூடாது

பிள்ளைகள் நம்மை நம்பத் தொடங்கினால் பாரமான விஷயங்களும் வெளியே வரும். ஒருவர் "வாழவே பிடிக்கலை" என்று சொன்னால் அதை உடனே நம்புங்கள். சாக வேண்டும் என்று நினைக்கிறாயா என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். ஜெபியுங்கள், அதோடு அன்றே மருத்துவரிடமோ அவசர உதவியிடமோ கொண்டுசேருங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். உன் உயிர் சம்பந்தப்பட்டது என்றால் உதவிக்கு ஒருவரைக் கூப்பிடுவேன் என்று சொல்லிவிடுங்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களோடு வேலை செய்யும் இடத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். மூடிய அறையில் தனியாக ஆலோசனை கூடாது, இரவில் தனிப்பட்ட செய்திகள் கூடாது. இது போதகருக்கும் பொருந்தும். யாராவது தவறாகத் தொட்டதாக ஒரு பிள்ளை சொன்னால், அதைச் சபைக்குள் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். சட்டப்படி தெரிவிக்க வேண்டிய இடத்தில் தெரிவியுங்கள். சபையின் பேர் கெட்டுவிடும் என்ற பயத்தில் மூடிமறைத்த இடங்களில் பிள்ளைகள் இரண்டாம் முறையும் காயப்பட்டிருக்கிறார்கள்.

எல்லாம் செய்தும் எண்ணிக்கை கூடவில்லை என்றால்

ஒரு கல்வியாண்டு முழுவதும் செய்துவிட்டுப் பாருங்கள். மூன்று மாதத்தில் எதுவும் தெரியாது. எத்தனை பேர் என்று எண்ணாமல், தாளில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பெரியவர்களின் பெயர்கள் நிரம்பியிருக்கின்றனவா, இந்த வருடம் எத்தனை முடிவுகளில் அவர்கள் குரல் இருந்தது என்று பாருங்கள்.

சில இடங்களில் சுற்றுவட்டாரத்தில் கல்லூரியே இருக்காது, இருக்கும் பிள்ளைகளும் வேலை தேடி வெளியே போயிருப்பார்கள். அப்போது இரண்டு பேர்தான் இருப்பார்கள் என்றால், இரண்டு பேரை வைத்துக்கொண்டு கூட்டம் நடத்துவதுபோல நடிக்க வேண்டாம். பெரியவர்களின் வேதபாடத்திலேயே அவர்களுக்கு முழு இடம் கொடுங்கள். பக்கத்துச் சபைகளில் இதே நிலையில் இருக்கும் இளைஞர்களோடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து கூட ஏற்பாடு செய்யுங்கள், சபைப் பிரிவு வேறாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கே, எந்த நாளில் கூடுவது என்பதை அந்த இரண்டு பேரே பேசி முடிவு செய்யட்டும்.